பெருமுரசு சும்மா இருக்கவும்

சாந்தா இனேஸ் ஊரில் சாவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் செத்தவரை நினைத்துப் பேண்டு இசைக்குத் துக்க நடை ஒன்று எழுதி, அதைப் பெரிய வெள்ளிப் பவனியில் வாசிக்க வைக்க வேண்டுமென்றால் மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்க வேண்டும்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. குவாத்தமாலாவில் தவக்காலம் பிறந்துவிட்டால் ஊதத் தெரிந்தவனெல்லாம் துக்க நடை எழுதுவான். அப்பனுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, லாரியில் அடிபட்ட நாய்க்கு ஒன்று. எழுதியதை அரைப் பாட்டில் சாராயத்தோடு பேண்டு மாஸ்டர் கையில் கொடுத்தால், சப்பரத்துக்குப் பின்னால் நடக்கிற பேண்டு அதையும் ஏதோ ஒரு தெருவில் வாசித்துவிடும். இவ்வளவு சோகம் மேற்பார்வையே இல்லாமல் நடக்கிறதே என்று தலைநகரில் யாருக்கோ உறைத்தது. அப்படிப் பிறந்ததுதான் புனித ஒலி மரபுப் பேணல் இயக்ககம். அதற்குப் புல்லாங்குழல் பிரிவு, பித்தளைப் பிரிவு, தாளவாத்தியப் பிரிவு என்று மூன்று பிரிவுகள். முதல் இரண்டு பிரிவுகளுக்கு இன்னும் ஆள் போடவில்லை. தாளவாத்தியப் பிரிவுக்கு ஆர்னுல்ஃபோ பெரால்தாவைப் போட்டார்கள். பட்டம் வாங்கியவர் என்பதால் ஊர் அவரை லிசென்சியாதோ என்று கூப்பிட்டது. வாழ்நாளில் அவர் கையால் அடித்தது ரப்பர் முத்திரை ஒன்றுதான். அதை நல்ல தாளத்தோடு அடிப்பார்.

அவர் ஒரு நூலும் எழுதியிருந்தார். ‘துக்க நடைக்குத் தாளவாத்தியம் எழுதுவோருக்கான நடைமுறை அறிவுரைகள்’, இருநூற்றுப் பதினான்கு பக்கம். அதன்படி எழுதப்படாத எதுவும் தெருவில் ஒலிக்கக் கூடாது என்பது ஆணை.

இந்த ஆணையின் வாயில் போய் விழுந்தவர் நிக்கானோர் ஷிகாய். வயது அறுபத்து மூன்று. மற்ற நாட்களில் பேருந்து இருக்கைகளுக்கு ரெக்ஸின் தைப்பார். தவக்காலத்தில் சக்கரம் வைத்த பெருமுரசைத் தள்ளிக்கொண்டு பேண்டோடு நடப்பார். முப்பத்தோரு வருஷமாக அந்த முரசு அவருடையதுதான். சப்பரம் மூன்று டன் எடை. சுமப்பவர்கள் எண்பது பேர். தோளில் பலகையோடு குனிந்து போகிறவனுக்கு முன்னால் இருப்பவனின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது. காலை எப்போது எடுக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்வது பெருமுரசுதான். முரசு மெல்லத் தட்டினால் நின்ற இடத்திலேயே அசைவார்கள். உறுதியாக விழுந்தால் ஓர் அடி எடுத்து வைப்பார்கள். பாட்டு சப்பரத்தில் இருக்கிற சாமிக்கு, முரசு சுமக்கிறவன் காலுக்கு. இது அந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

நிக்கானோரின் மனைவி ஓத்திலியாவுக்குக் காய்ச்சலில் காது போய்ப் பதினோரு வருஷமாயிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பெரிய வெள்ளியும் அவள் நான்காம் தெருவிலுள்ள தன் வீட்டு வாசலில், கதவுப் பலகையில் உள்ளங்கையை வைத்து நிற்பாள். கிளாரினெட், டிரம்பெட் எதுவும் அவளிடம் வந்து சேராது. முரசு மட்டும் பலகை வழியாக வரும். ராத்திரிச் சாப்பாட்டில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே, காது கேளாதவர்களுக்கே உரிய சத்தத்தில் தீர்ப்புச் சொல்வாள்.

“இன்னிக்கு நம்ம தெரு முனையில யார்மேல கோவம் உனக்கு? பலகை கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு.”

யோசித்துப் பார்த்தால், அந்த முனையில்தான் மாஸ்டர் அவரைத் திட்டியிருப்பார்.

ஓத்திலியா அக்டோபர் மழையில் போய்ச் சேர்ந்தாள். கிறிஸ்துமஸ் கழிந்ததும் நிக்கானோர் கோடு போட்ட தாள் வாங்கினார். மற்றவர்கள் பாட்டை எழுதிவிட்டுக் கடைசி வரியில் முரசுக்கு நாலு புள்ளி வைப்பார்கள். அவர் முரசை முதலில் எழுதி, அதன்மேல் பாட்டைப் போர்த்தினார். நடுவில் பதினாறு தாளக் கட்டம் மட்டும் போர்வை இல்லை. மொத்தப் பேண்டும் வாயை மூடிக்கொள்ள, முரசு தனியாக, மெல்ல, கட்டத்துக்கு ஓர் அடி. அந்த ஒரு அடிக்கு எந்தக் கோல், தோலின் எந்த இடம், எவ்வளவு நேரம் அதிர வேண்டும், இடது உள்ளங்கையை எப்போது வைத்து அடக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தார். நடைக்குப் பெயர் ‘கதவருகே’. இந்தப் பெரிய வெள்ளி, நான்காம் தெருவில், அந்தக் கதவுக்கு நேரே அந்தப் பதினாறு கட்டமும் ஒலிக்க வேண்டும். வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

லிசென்சியாதோ தாளைத் தலைகீழாக இல்லாமல் சரியாகவே பிடித்துப் படித்தார். பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ‘தோன்’ போட்டு ஆரம்பித்தார்.

“தோன் நிக்கானோர், உங்க துக்கத்துல இயக்ககம் முழுசாப் பங்கெடுத்துக்குது. படிவம் ஏழுல அதுக்கு ஒரு கட்டம் இருக்கு, டிக் போட்டுட்டேன். இப்ப விஷயத்துக்கு வருவோம். இந்தப் பதினாறு கட்டத்துல முரசு மட்டும் வாசிக்குது. தாளத்தட்டு அடிக்கிறவர் என்ன பண்றார்?”

“நடக்கறாருங்க.”

“சின்ன டிரம்காரர்?”

“அவரும் நடக்கறாருங்க.”

“நடக்கறதுக்கு எதுக்கு வாத்தியக்காரர்? அத ஊரே பண்ணுதே. அறிவுரை ஒன்பது என்ன சொல்லுது? ‘தாளக்காரனுக்குக் கடவுள் இரண்டு கை தந்திருக்கிறார், எழுதுபவன் இரண்டையும் பயன்படுத்துக.’ நீங்க ஒரு ஆளோட ஒரு கையத்தான் பயன்படுத்தறீங்க.”

“ரெண்டு கையும் இருக்குங்க. இடது கை தோல் மேல இருக்கு. ஒரு தடவை தட்டினா தோல் நாலு எண்ணிக்கைக்குப் பேசும் லிசென்சியாதோ. அது எப்ப ஆரம்பிக்கணும்னு எல்லாரும் எழுதறாங்க. எப்ப நிறுத்தணும்னு யாரும் எழுதறதில்ல. அதுக்குத்தான் உள்ளங்கை.”

லிசென்சியாதோ பின்னிணைப்பைப் புரட்டினார். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார்.

“உள்ளங்கை வாத்தியப் பட்டியல்ல இல்லையே.”

அதோடு விண்ணப்பம் மூவர் குழுவுக்குப் போயிற்று. குழுவில் லிசென்சியாதோ ஒருவர். மரபுச் சான்றளிக்கும் அம்மையார் ஒருவர். ஒலியளவைக் கருவியோடு ஒரு பொறியாளர். இயக்ககத்தின் மாடியறைக்கு முரசைக் கொண்டுவந்து நேரில் மெல்ல வாசித்துக் காட்ட வேண்டும் என்றார்கள். நிக்கானோரும் தாளத்தட்டுக்காரர் லிபோரியோவும் முரசை மாடிப்படியில் தூக்கினார்கள். லிபோரியோ தவக்காலம் தவிர்த்த நாட்களில் ஐஸ் துருவி விற்கிறவர். நிக்கானோரைவிடப் பத்து வயது சின்னவர்.

“அண்ணே, சத்தமா வாசிக்கிறதுன்னா கீழ இருந்தே கேட்டிருக்கும். மெல்ல வாசிக்கிறதாலதான் மேல தூக்க வேண்டியிருக்கு,” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

படி முழுக்கப் பெரிய மரப்பெட்டிகள். இயக்ககம் பிறந்த வருஷம் வாங்கிய நான்கு டிம்பனிகள், அண்டா மாதிரியான செம்பு முரசுகள், அவற்றுக்குள் பிரிக்கப்படாமல் இருந்தன. அவற்றின் மேல்தான் குழுவுக்குக் காபி வைப்பார்கள்.

நிக்கானோர் கம்பளிக் கோலை எடுத்து, தோலின் நடுவை விட்டு ஒரு சாண் தள்ளி, பதினாறு அடியும் தட்டிக் காட்டினார். பன்னிரண்டாவது அடியில் அவர் கண் கலங்கியது. கீழே தலைநகர்ப் பேருந்து போயிற்று.

பொறியாளர் கருவியைப் பார்த்தார். “நடுவுல ஒரு எழுச்சி வருதே, அது பிரமாதம்.”

“அது ஹாரனுங்க.”

“அப்ப அதத் தவிர வேற எதுவும் பதிவாகலயே.”

அம்மையார் பேனாவை மூடினார். “பதிவாகாததுக்கு நான் எப்படிச் சான்று குடுப்பேன்? நாளைக்கு ஒருத்தர் வந்து, நானும்தான் பதினாறு கட்டம் மெல்ல வாசிச்சேன், யாருக்கும் கேக்கலன்னு சொன்னா?”

“அதோட,” என்றார் லிசென்சியாதோ, எழுந்து நின்று. எழுந்து நின்றால் அது உரை. “மௌனம்ங்கறது என்ன? ஏற்கெனவே எல்லார்கிட்டயும் இருக்கற ஒண்ணு. இந்த இயக்ககம் வர்றதுக்கு முன்னாடியும் இருந்தது. அப்படி நாம ஏற்படுத்தாத ஒண்ண நாம எப்படிப் பேணறது? நாங்க குத்தம் சொல்ல உக்காரல, தோன் நிக்கானோர். கைகொடுக்க உக்காந்திருக்கோம். உங்க துக்கம் நல்ல துக்கம். ஆனா ஆள் பத்தல. நாலு டிம்பனி இருக்கு. யாரும் அதுக்கு எழுதாததால அஞ்சு வருஷமாப் பெட்டிக்குள்ள இருக்கு. நம்ம தேசிய வாத்தியம், மரக்கட்டை மரிம்பா இல்லாம ஒரு துக்கம் தேசத்துரோகம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்குப் பக்கத்து வீடு. நட்பு நாடு ஒண்ணு குடுத்த சேகண்டி இருக்கு. தூதர் கேட்டா என்ன சொல்றது?”

“தெருவுல கல்லு பாவியிருக்குங்க,” என்றார் நிக்கானோர். “நடந்துக்கிட்டே டிம்பனிக்குச் சுருதி மாத்த முடியாது. மரிம்பாவ யார் தூக்கறது? ஒரு கோலை வச்சிட்டு இன்னொண்ண எடுக்கவே ஒரு ஆளுக்கு நாலு கட்டம் வேணும். இதெல்லாம் எழுதறதுக்கு முந்தி யோசிக்க வேண்டியதுங்க.”

“யோசிச்சாச்சு. அறிவுரை எண்பத்தாறு. ‘நடைமுறைச் சிரமங்கள் நடைமுறையில் தீரும்.’”

நிக்கானோர் முரசைப் பார்த்தார். “லிசென்சியாதோ, அவளுக்குக் காது கேக்காது. மத்ததெல்லாம் இருந்தாலும் இல்லாட்டியும் அவளுக்கு ஒண்ணுதான். முரசு மட்டும் விட்டுடுங்க.”

அம்மையார் நிமிர்ந்தார். “காது கேக்காதவங்களுக்காக எழுதினதா? அத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? அப்ப சத்தம் கூட்டணும்னு நாங்க சொல்றது இன்னும் சரியாப் போச்சே!”

தீர்ப்புக் கடிதம் குருத்தோலை ஞாயிற்றுக்கு மூன்று நாள் முன்பு வந்தது. ‘கதவருகே’ அங்கீகரிக்கப்பட்டது. நான்காம் தெருவும் ஒதுக்கப்பட்டது. முப்பத்து மூன்றாம் கட்டத்திலிருந்து நாற்பத்தெட்டாம் கட்டம் வரை இருந்த வெற்றிடத்தில் நான்கு டிம்பனி, மரிம்பா, சேகண்டி, மணி, தாளத்தட்டு, சின்ன டிரம் ஆகியவற்றுக்கு இயக்ககமே வேலை எழுதித் தந்திருந்தது. கடைசிப் பத்தி இப்படி: ‘டிம்பனியும் பெருமுரசும் ஒரே தாழ்ந்த ஒலிப் பிரிவைச் சேர்ந்தவை ஆதலின், இரட்டிப்பைத் தவிர்க்கும் பொருட்டு, நடை முழுவதிலும் பெருமுரசு சும்மா இருக்கவும்.’

நிக்கானோர் அதை மூன்று முறை படித்தார். பிறகு லிபோரியோவிடம் கொடுத்தார்.

“ஆக, நீ எழுதின ஒண்ண மட்டும் எடுத்துட்டு மத்ததெல்லாம் அங்கீகாரம் பண்ணிட்டாங்க,” என்றார் லிபோரியோ. “நான் ஐஸ் விக்கறவன் அண்ணே, எனக்கே குளிருது. பேசாம வாபஸ் வாங்கு.”

“வாங்கலாம். படிவம் பதினொண்ணு. வாங்கினா நான்காம் தெருவுல வேற நடை வாசிப்பாங்களாம்.”

“எது?”

“லிசென்சியாதோ எழுதினது. ‘நிறுவன நன்றி’ன்னு பேரு.”

லிபோரியோ சிலுவை போட்டுக்கொண்டார்.

பேண்டு மாஸ்டர் எவெலியோவிடமும் நிக்கானோர் போய்ப் பார்த்தார். மாஸ்டர் நல்லவர், அதனால் பயந்தவர். சம்பளத்தாளில் கையெழுத்திடுவது இயக்ககம். “நிக்கா, பேராவது மிஞ்சுதே. கதவுக்கு முன்னால போகும்போது நான் உங்க பக்கம் திரும்பிப் பாக்கறேன். அது மட்டுந்தான் என் கையில இருக்கு,” என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது போதவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். நிக்கானோரின் தோளில் கையை வைத்து, எடுக்க மறந்து நின்றார்.

நிக்கானோர் கையெழுத்துப் போட்டார். பேராவது அவள் தெருவில் நடக்கட்டும் என்று நினைத்தார். மூன்று பிரதி.

பெரிய வெள்ளி வந்தது. நாதர் உயிர்விட்ட நேரமான மூன்று மணி அடித்ததும் ஊர் ஊதா அங்கியைக் கழற்றிக் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டது. தெருவெல்லாம் சாயம் போட்ட மரத்தூளில் கோலம். நிக்கானோர் வீட்டு வாசலில் இந்த வருஷம் கோலம் போட ஆளில்லை என்று அக்கம்பக்கத்தார் தாங்களாகவே பைன் ஊசியிலை பரப்பியிருந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. மேலே துக்கத்துக்குக் கட்டிய கறுப்பு நாடா அக்டோபரிலிருந்து அப்படியே இருந்து, வெயிலில் பழுப்பாகிவிட்டது.

பேண்டு இந்த வருஷம் வழக்கத்தைவிட நீளம். டிம்பனி நான்கும் காய்கறி வண்டி இரண்டில் வந்தன. மரிம்பா ஒரு பிக்கப் வண்டியின் பின்புறத்தில் ஏறியிருந்தது. சேகண்டியை இருவர் மூங்கிலில் தூக்கினார்கள். லிசென்சியாதோ தங்கநிறப் பட்டை குத்திய கறுப்புக் கோட்டில், அறிவுரை நூலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முரசுக்குப் பக்கத்திலேயே நடந்தார். சும்மா இருக்கவும் என்பது சும்மாதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா.

நான்காம் தெரு திரும்பியதும் மாஸ்டர் கையைத் தூக்கினார். ‘கதவருகே’ தொடங்கிற்று. நிக்கானோர் கோலை இடுப்பில் செருகிக்கொண்டு முரசைத் தள்ளினார்.

பத்துக் கட்டம் வரை பழக்கத்தில் போயிற்று. எண்பது ஜோடிக் கால்களுக்கு முந்தின நடையின் முரசு இன்னும் ஞாபகத்தில் இருந்தது. பிறகு ஞாபகம் தீர்ந்தது. சப்பரத்தின் இடது தோள்காரர்கள் டிம்பனியைக் கேட்டு அடி வைத்தார்கள். வலது தோள்காரர்களுக்குச் சேகண்டி பக்கம். அவர்கள் சேகண்டிக்கு வைத்தார்கள். பின்வரிசையில் சிலருக்கு மரிம்பா கேட்டிருக்கிறது. மரிம்பாவுக்கு யாராலும் அடி வைக்க முடியாது, அதற்கு ஆடத்தான் முடியும். முப்பத்து மூன்றாம் கட்டத்தில் இயக்ககம் எழுதித் தந்த வேலை முழுசாகத் தொடங்கியபோது, சப்பரம் கள் குடித்த யானைபோல ஒரு பக்கம் சாய்ந்தது. சப்பரத்திலிருந்த நாதரின் வெள்ளி முள்முடி பக்கத்து மாடிக் கம்பியில் உரசிற்று. பெண்கள் வீறிட்டார்கள். அங்கிகளுக்குள்ளிருந்து எண்பது தொண்டைகள்.

“முரசு எங்கடா?”

“நிக்கா செத்துட்டானா?”

“முரசு அடிங்கடா, கால் போகுது!”

காய்கறி வண்டிகளில் ஒன்று சாக்கடை மூடியில் இறங்கிற்று. டிம்பனிக்காரர் நிறுத்தினார். அவரைப் பார்த்து மரிம்பாக்காரர் நிறுத்தினார். சேகண்டி தானாக ஒரு தடவை முனகி அடங்கிற்று. ஊதிக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக வாயெடுத்தார்கள். சப்பரம் இரண்டு வீடு தள்ளி முன்னால் சாய்ந்து நின்றது. பேண்டு நின்ற இடத்தில் முரசுக்கு நேர் வலப்பக்கம் கறுப்பு நாடா கட்டிய கதவு.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அது மட்டும்தான் அவர் கையில் இருந்தது.

நிக்கானோர் கம்பளிக் கோலை எடுத்தார். நடுவை விட்டு ஒரு சாண். மெல்ல ஓர் அடி. நாலு எண்ணிக்கை. உள்ளங்கை.

இன்னொரு அடி.

அந்த மௌனத்தில் அது எண்பது பேருக்கும் எட்டியது. சாய்ந்த பக்கம் நிமிர்ந்தது. நின்ற இடத்திலேயே இடம், வலம் என்று சப்பரம் அசையத் தொடங்கிற்று. யாரும் வாசிக்கவில்லை, யாரும் பேசவில்லை. லிபோரியோ இரண்டு தட்டையும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லிசென்சியாதோவுக்கு முதலில் முகம் வெளுத்தது. ஆறாவது அடியில் நிறம் திரும்பியது. பத்தாவதில் அறிவுரை நூலைத் திறந்து ஓரத்தில் ஏதோ குறித்தார். பக்கத்தில் நின்றவரிடம் குனிந்து, “பாத்தீங்களா? எல்லா வாத்தியத்தையும் கொண்டுவந்து நிறுத்தினாத்தான் இந்த மாதிரி மௌனம் கிடைக்கும். சும்மா வருமா இது? அடுத்த பதிப்புல சேக்கணும்,” என்றார்.

பதினாறாவது அடி விழுந்தது. உள்ளங்கை அடக்கிற்று. இதற்கு மேல் தாளின்படி எல்லாரும் சேர்ந்து வாசிக்க வேண்டும். மாஸ்டர் கையைத் தூக்கினார்.

நிக்கானோர் பதினேழாவது அடியை மெல்லத் தட்டினார். பதினெட்டாவதையும்.

மாஸ்டர் கையை இறக்கினார்.

நிக்கானோர் கதவைப் பார்த்துக்கொண்டே தட்டினார். ஒவ்வொரு அடிக்கும் பூட்டின் கொண்டி மிக லேசாக, ஊசி விழுகிற அளவுக்கு, பலகையில் பட்டு ஒலித்தது. பலகைக்கு எல்லாம் வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் கை இல்லை. ராத்திரி வீட்டுக்குப் போனால், எப்படி இருந்தது என்று சத்தம்போட்டுச் சொல்ல ஆளில்லை. நன்றாக அடித்தாரா என்று அவருக்கு இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

“அண்ணே,” என்றார் லிபோரியோ, உதடு அசையாமல். “முப்பத்திரண்டு ஆச்சு.”

“தெரியும்.”

“மூணு டன்னு அண்ணே.”

“தெரியும்டா.”

முன்னாலிருந்து, குனிந்த ஒரு முதுகின் அடியிலிருந்து, யாரோ ஒரு கிழவரின் குரல் வந்தது. அதட்டவில்லை, கெஞ்சிற்று. “தோன் நிக்கா... உங்களுக்காக இன்னும் நிப்போம். தோளுதான் நிக்க மாட்டேங்குது.”

அவர் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும்வரை அவர்கள் அங்கேயே அசைவார்கள். பேண்டும் நிற்கும், தெருவும் நிற்கும், அவரும் கதவுக்கு நேரே நிற்கலாம். போ என்று மாஸ்டரும் சொல்ல முடியாது, இயக்ககமும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியது முரசு ஒன்றுதான்.

நிக்கானோர் இடது கையைத் தோலிலிருந்து எடுத்தார். கோலை உயர்த்தி, நடுவில், உறுதியாக அடித்தார். எண்பது பேரும் ஓர் அடி எடுத்து வைத்தார்கள். அவரும் முரசைத் தள்ளிக்கொண்டு ஓர் அடி வைத்தார்.